டவுன் பஸ்ஸில் கற்ற கார்ன்வால் ஆட்டம்

1

என் அப்பா மாரிமுத்து கும்பகோணத்தைத் தாண்டி அதிக தூரம் போனதில்லை. அதிகபட்சம் திருக்கடையூர். அதுவும் அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு நாங்கள் வேன் பிடித்து அழைத்துப் போனதால். ஆனால் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வால் என்ற பகுதியில், கடலோரத்துச் சிற்றூர் ஒன்றில் அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். தபால்காரர் அந்தப் பெயரைச் சொல்லிக் கை தூக்குகிறார். ரொட்டிக்கடைக்காரர் அந்தப் பெயரைத்தான் பையின் மேல் எழுதுகிறார்.

காரணம், பாஸ்போர்ட். பள்ளிக்கூடத்தில் நான் மா. கோவிந்தராசு. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்களுக்கு அப்படித் தனியாக ஒரு பெயர் கிடையாது. கட்டத்தைக் காலியாக விட்டால் வாங்க மாட்டோம் என்றார்கள். அப்பா பெயரை எழுதினோம். இங்கே வந்து இறங்கியதும் அந்தப் பெயரே எனக்கு ஒட்டிக்கொண்டது. முதலில் மிஸ்டர் மாரிமுத்து. பிறகு மாரி. இப்போது வெறும் முத்து.

போன சனிக்கிழமை, இங்கே துறைமுக மேடையில், ஊரே கூடியிருக்க, "முத்து! முத்து!" என்று ஜனங்கள் கத்தினார்கள். இந்த நாட்டுக்கு வந்து நாலு வருஷம் முடிந்ததும் அதே வாரம்தான். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

என் மனைவி செல்வி நர்ஸ். அவளுக்குத்தான் இங்கே வேலை கிடைத்தது. நானும் மகள் கயல்விழியும் அவளைச் சார்ந்து வந்தவர்கள். அடையாள அட்டையில் என்னை அப்படித்தான் எழுதியிருந்தார்கள். காலையில் பள்ளிக்கூடத்தையும், மற்ற நேரத்தில் ஊர்ப் பொது மண்டபத்தையும் கூட்டித் துடைப்பது என் வேலை. வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை.

கூச்சம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. என் கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் என் உச்சந்தலைதான் விழுந்திருக்கும். இந்த ஊரில் அந்தக் கூச்சத்துக்கு முதல் வாரமே சோதனை வந்தது. பால் வாங்கக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். சில்லறையைக் கையில் வைத்து, "இந்தா, மை லவர்" என்றார். நான் பாலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று மாலை செல்வியிடம் சத்தியம் செய்யாத குறையாக நடந்ததைச் சொன்னேன்.

அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். "ஏங்க, இந்த ஊர்ல எல்லாரும் எல்லாரையும் அப்படித்தாங்க கூப்பிடுவாங்க. எங்க வார்டுல தொண்ணூறு வயசுத் தாத்தா ஒருத்தர் பெட்பேன் கேக்கறப்பகூட மை லவர்ங்கறாரு. உங்கள என்னமோ கடத்திட்டுப் போற மாதிரி ஓடி வந்திருக்கீங்க!"

"பாலு?"

"நாளைக்குப் போயி வாங்கிட்டு வாங்க. அந்தம்மா காத்துக்கிட்டு இருக்கும்."

கயலுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. பத்து வயதில் வந்தவள். இப்போது பதினாலு. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் 'கே'. வீட்டுக்குள் தமிழ் பேசுவாள். வாசல் தாண்டினால் இங்கிலீஷ். தெருவில் நான் தமிழில் கூப்பிட்டால் காதில் விழாதது போல நடப்பாள். கோபமில்லை, வெட்கம். எனக்கும் வெட்கம் என்றால் என்ன என்று தெரியுமாதலால் நான் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டேன்.

ஊரில் இருந்தபோது அவள் இப்படி இல்லை. நான் அப்போது கொடிக்கால் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வெற்றிலைக் கட்டுகளைக் காலையில் வரும் முதல் டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கும்பகோணம் கொண்டுபோவது என் பொறுப்பு. பதினாறு வருஷம் அந்தப் பஸ்ஸின் பின்படிதான் எனக்கு இடம். லீவு நாளில் கயலும் வருவாள். கண்டக்டர் ஊதுவதை வாய் பிளந்து பார்ப்பாள். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும். இரண்டு விசில் என்றால் கிளம்ப வேண்டும். திருவிழாவில் ஒரு பிளாஸ்டிக் விசில் வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வீட்டில் அவள்தான் கண்டக்டர். அவள் இரண்டு முறை ஊதாமல் நான் வேலைக்குக் கிளம்ப முடியாது.

இப்போதும் ஊதுகிறாள். பள்ளி வாத்தியக் குழுவில் தகரப் புல்லாங்குழல் ஒன்று வாசிக்கிறாள். இங்கே அதற்கும் பெயர் விசில்தான்.

3

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பொது மண்டபத்தில் எட்டுப் பேர் ஆடிப் பழகுவார்கள். அவர்கள் முடித்த பிறகு நாற்காலிகளைப் போட்டுப் பூட்டுவது என் வேலை என்பதால், சமையலறைக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஆட்டம் இந்த ஊருடையது. ஒரு காலத்தில் மத்தி மீன் சீசன் முடிந்து, கடைசிப் பீப்பாய்க்கு உப்புப் போட்டு மூடியதும், மீன் பதனிட்ட நிலவறையிலேயே ஆணும் பெண்ணுமாக ஆடுவார்களாம். மீன் வரத்து நின்றது. ஆட்டமும் நின்றுவிட்டது. நெட் என்ற பழைய மீன்பிடிக்காரர், வயது எண்பதுக்கு மேல், தன் அத்தையின் பெட்டியைக் குடைந்தபோது ஒரு நோட்டுக் கிடைத்தது. அதில் அந்த ஆட்டத்தை அத்தை பென்சிலில் வரி வரியாக எழுதி வைத்திருந்தார். மெட்டு நெட்டின் நினைவில் இருந்தது. அக்கார்டியனில் வாசித்துக் காட்டினார். ஓய்வுபெற்ற தபால்காரப் பெண்மணி ஜென்னி ஆள் சேர்த்து, நோட்டைப் பார்த்து, ஆட்டத்தைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தார். கோடை விழாவில் துறைமுக மேடையில் ஆட வேண்டும் என்பது திட்டம்.

கட்டத்தான் முடியவில்லை. இரண்டு வரிசை, எதிரெதிரே. கைகோத்து நாலு எட்டு முன்னே, நாலு எட்டு பின்னே. குதிகாலால் ஒரு தட்டு, பாதத்தால் மூன்று தட்டு. இதுவரைக்கும் சரி. அடுத்த வரியில் "ரைட் அப், ஹோம்" என்று அத்தை எழுதியிருந்தார். ரைட் என்றால் வலது. ஹோம் என்றால் வீடு, அதாவது அவரவர் முதலில் நின்ற இடம். எல்லோரும் வலப்பக்கம் திரும்பி, வரிசையைச் சுற்றி மேலே போய், தங்கள் இடத்துக்குத் திரும்பி வருவார்கள். அதற்குள் மெட்டு முடிந்துவிடும். பாதிப் பேர் நடு வழியில் நிற்பார்கள். வாராவாரம் இதே கதை. அத்தைக்கு எண்ணத் தெரியவில்லை என்று ஒருவர் சொல்ல, நெட் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை.

இந்த நிலையில் ஐரிஸ் என்ற அம்மாளின் கணவருக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. எட்டில் ஒன்று குறைந்தது. ஏழு பேரை வைத்து அந்த ஆட்டம் ஆட முடியாது. ஜென்னி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். மண்டபத்தில் மிச்சம் இருந்தது நானும் துடைப்பமும்தான்.

"முத்து, நீ வா."

"நோ டான்ஸ்" என்றேன்.

"தெரியும். வாராவாரம் அங்கே நின்றபடி காலால் தாளம் போடுகிறாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்," என்றார் ஜென்னி.

மறுப்பதற்கும் வார்த்தைகள் வேண்டும். என்னிடம் அவ்வளவு இங்கிலீஷ் இல்லை.

ஆடுவதற்கு இங்கே படிவம் உண்டு. மூன்று பக்கம். கால் சுளுக்கினால் யாரையும் குறை சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து. மயங்கி விழுந்தால் யாருக்குத் தகவல் சொல்வது என்று ஒரு கட்டம். போட்டோ எடுக்கலாமா என்று ஒரு கட்டம். ஆட்டத்தில் எத்தனை வருஷ அனுபவம் என்று ஒரு கட்டம். செல்விதான் நிரப்பினாள்.

"அனுபவம் இல்லன்னு போடு," என்றேன்.

"ஏன், நாத்தங்கால்ல தழை மிதிச்சதெல்லாம் கணக்குல வராதா? அந்தக் குதி குதிப்பீங்க." இருபது வருஷம் என்று எழுதிவிட்டாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேப்பந்தழையையும் கொளுஞ்சியையும் சேற்றில் பரப்பி, நாலு பேர் வரிசையாக நின்று மிதித்து அமுக்குவோம். அந்தப் பழக்கம் காலை விட்டுப் போகவில்லை. பளபளக்கும் மரத்தரையிலும் நான் ஒவ்வொரு அடியையும் சேற்றிலிருந்து பிடுங்குவது போலவே பிடுங்கினேன். "இங்கே சேறு இல்லை, மை ஹேண்ட்சம்!" என்று ஜென்னி கடைசி வரை கத்திக்கொண்டிருந்தார். மை ஹேண்ட்சம் என்பதும் மை லவர் மாதிரிதான், இங்கே எல்லோருக்கும் பொது. கடைசி வரை அது திருந்தவும் இல்லை.

4

நான் ஆடிய முதல் நாளே ஒரு சம்பவம் நடந்தது.

ஐரிஸின் கை என் கையில். அவருக்கு எழுபத்திரண்டு வயது, காதில் கருவி. "பயப்படாதே, நான் சொல்வதைச் செய். நானும் யாராவது சொல்வதைத்தான் செய்வேன், காது கேட்டால்," என்றார். நெட் வாசிக்க ஆரம்பித்தார். முன்னே நாலு, பின்னே நாலு. தட்டு, தட்டு. என் கண் தரையில். அப்போது ஜென்னி உரக்கக் குரல் கொடுத்தார்: "ரைட்!"

நம் ஊரில் ரைட் என்றால் என்ன? வண்டி எடு. நேரே போ. கண்டக்டர் பஸ்ஸைத் தட்டி 'ரைட், போலாம்' என்றால் எந்த டிரைவராவது வலப்பக்கம் திருப்புவாரா? பதினாறு வருஷம் கேட்ட சத்தம். என் கால் என்னைக் கேட்கவில்லை. நேரே கிளம்பிவிட்டது. ஐரிஸையும் இழுத்துக்கொண்டு எதிர் வரிசையை நோக்கிப் போனேன். எதிரே நின்ற இருவரும் பயந்து விலகினார்கள். அந்தச் சந்து வழியே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். அங்கே சுவர். வேறு வழியில்லாமல் திரும்பி அதே சந்தில் வந்து பழைய இடத்தில் நின்றோம்.

மெட்டும் அந்த நொடியில் முடிந்தது.

மற்ற ஆறு பேரும் வழக்கம் போல மண்டபத்தின் மூலைகளில் சிதறிக் கிடந்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் வீட்டில் இருந்தோம். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. "சாரி, சாரி" என்று துடைப்பம் இருந்த பக்கம் நகர்ந்தேன்.

"நில்!" என்றார் ஜென்னி. நோட்டை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டார். கழற்றினார். "நெட், உன் அத்தை 'ரைட் அப்' என்று எதைச் சொல்வாள்?"

நெட் அக்கார்டியனை மடியில் வைத்தபடி யோசித்தார். "வழி சொல்லும்போது சொல்வாள். 'ரைட் அப் துறைமுகம் வரைக்கும் போ' என்பாள். அப்படியென்றால் நேரே…" என்று சொல்லி நிறுத்தினார். பிறகு தொடையில் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். "நேரே! கழுதைகளா, நேரே போகச் சொல்லியிருக்கிறாள்! நாம்தான் ஐந்து மாதமாக வலப்பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறோம்!"

எட்டுப் பேரும் நேரே போய்ப் பார்த்தோம். ஒரு வரிசை விலக, ஒரு வரிசை நுழைய, தறியில் நூல் ஓடுவது போல ஓடியது. மெட்டு முடிந்தபோது எல்லோரும் வீட்டில்.

"உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று ஐரிஸ் கேட்டார். டவுன் பஸ், கண்டக்டர், பின்படி எல்லாவற்றையும் விளக்கும் அளவுக்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை. "பஸ்," என்று மட்டும் சொன்னேன். அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, பஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருப்பதாகச் சொன்னார்.

5

இன்னொரு வார்த்தையும் என்னைப் படுத்தியது. வேகமாகச் சுற்றும் இடங்களில் கைகளை இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன்பும் அப்படித்தான். அதற்கு ஜென்னி "ஹோல்ட் ஆன்!" என்று கத்துவார். நம் ஊரில் 'ஹோல்டான்' என்றால் வண்டி நிற்க வேண்டும். நான் நின்றுவிடுவேன். பின்னால் வருபவர்கள் என் முதுகில் மோதுவார்கள். வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே 'ஹோல்டான்னா போகணும், ஹோல்டான்னா போகணும்' என்று சொல்லிச் சொல்லி ஒருவழியாகப் பழகினேன்.

செல்விக்கு இந்தக் கதை உயிர். கயல் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள், சிரிக்கவில்லை. விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, நீ ஆட வேணாம்பா. ப்ளீஸ்."

"ஏன்டா?"

"எங்க பேண்டுதான் நெட் கூட வாசிக்குது. என் கிளாஸ் மொத்தமும் வரும். நீ நடுவுல நின்னுட்டா… நீ நிப்பப்பா. எனக்குத் தெரியும். எல்லாரும் போனுல எடுப்பாங்க."

"நின்னா நிக்கட்டுமே. மனுசன்தானே?" என்றாள் செல்வி.

"உனக்கு என்னம்மா, நீ ஆஸ்பத்திரிக்குப் போயிடுவ. திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போறது நானு. அப்பா ஆடுனா நான் வாசிக்க மாட்டேன்."

எழுந்து போய்விட்டாள். நான் அன்று நிஜமாகவே விலகிவிட நினைத்தேன். எனக்கு அது பெரிய நிம்மதியாகவும் இருந்திருக்கும். ஆனால் நான் விலகினால் ஏழு பேர். அத்தையின் ஆட்டம் நோட்டுக்குள்ளேயே இருந்துவிடும். நெட்டின் வயதுக்கு அடுத்த கோடை என்று சொல்வதற்கு யாருக்கும் வாய் வரவில்லை. நான் ஆடப் போனால் கயலின் விசில் நின்றுவிடும். எது நின்றாலும் நிறுத்தியவன் நான்தான்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். வாய்க்காலில் தண்ணீர் விட்டாகிவிட்டது என்றும், இந்த முறை நாற்று நன்றாக வந்திருக்கிறது என்றும் சொன்னார். நான் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.

"நீ ஆடறியா?" என்றார். "டேய், திருக்கடையூர்ல எங்களுக்கு மால எடுத்துக் குடுறான்னு சொன்னதுக்கு, கூட்டத்தப் பாத்துட்டு வேனுக்குப் பின்னால போயி நின்ன பய நீ."

"ஆமாப்பா."

"பொம்பளைங்க கூடவா?"

"எழுவத்திரண்டு வயசுப்பா அந்தம்மாவுக்கு."

"செல்வி என்ன சொல்லுது?"

"அவ சிரிக்கிறா."

"அப்பப் போயி ஆடு. என் பேரச் சொல்லித்தான கூப்புடறாங்க? நீ தப்பு பண்ணாலும் மாரிமுத்துதான் தப்பு பண்ணான்னு சொல்லுவாங்க. நான் இங்கருந்து சமாளிச்சுக்கறேன்."

கயலிடம் போய், ஆடத்தான் போகிறேன் என்று சொன்னேன். அவள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

6

சனிக்கிழமை நல்ல வெயில். இந்த ஊரில் அதுவே செய்தி. துறைமுக மேடையில் பலகை போட்டிருந்தார்கள். எங்களுக்கு வெள்ளைச் சட்டை, கழுத்தில் நீலத் துணி. செல்வி லீவு போட்டுவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வாத்தியக் குழு வந்தது. கயலும் வந்திருந்தாள். கடைசி ஆளாக, ஒரு பெரிய டிரம்முக்குப் பின்னால் பாதி மறைந்து, விசிலைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். வாசிப்பதற்கு வந்தாளா, பார்ப்பதற்கு வந்தாளா என்று தெரியவில்லை. என் பக்கம் பார்க்கவில்லை.

ஒலிபெருக்கியில் ஒருவர் ஆட்டத்தின் கதையைச் சொன்னார். நின்றுபோன ஆட்டம், நெட்டின் அத்தை, நோட்டு. கடைசியில், விட்டுப்போன வழியைக் கண்டுபிடித்தவர் தஞ்சாவூரிலிருந்து வந்த முத்து என்று சொல்லி என்னைக் காட்டினார். தஞ்சாவூர் என்று அவர் சொன்னது வேறு ஏதோ ஊர் போலக் கேட்டது. ஜனங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து பலகையைப் பார்த்தேன்.

ஜென்னி கத்தினார்: "ஹோல்ட் ஆன்!"

ஒரு வாரம் பாத்திரம் கழுவும் இடத்தில் படித்த பாடம் போன இடம் தெரியவில்லை. பதினாறு வருஷப் பாடம்தான் மிஞ்சியது. ஹோல்டான். நின்றேன்.

மெட்டு தொடங்கியது. வரிசை நகர்ந்தது. நான் நகரவில்லை. ஐரிஸ் கையை இழுத்தார். "போ, மை லவர், போ!" என்று அவர் சொல்வது கேட்டது, எங்கோ தூரத்தில். யாரோ சிரித்தார்கள். மேலே தூக்கிய போன்கள் தெரிந்தன. நெட் என்னைப் பார்த்துவிட்டு, முதல் அடியையே திரும்ப வாசித்தார். மூன்றாம் முறையும் வாசித்தார். செல்வி பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

அப்போது டிரம்முக்குப் பின்னாலிருந்து கூர்மையாக ஒரு சத்தம்.

பீ, பீ.

மெட்டில் இல்லாத இரண்டு விசில்.

காலுக்குப் புரிந்துவிட்டது. கிளம்பியது. சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வைத்தேன். பலகை அதிர்ந்தது. முன்னே நாலு, பின்னே நாலு. "ரைட்!" என்றார் ஜென்னி. நேரே போனேன். எதிர் வரிசை கதவு போலத் திறந்தது, மூடியது. எட்டுப் பேரும் வீட்டுக்கு வந்தபோது மெட்டும் வந்து சேர்ந்தது. அதற்குள் விசிலும் மெட்டோடு சேர்ந்திருந்தது. மூன்று சுற்று ஆடினோம். ஜனங்கள் நாலாவது கேட்டார்கள். ஐரிஸ் காதுக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "இனி எனக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை," என்றார். நெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெயில் கூசுகிறது என்றார். முத்து, முத்து என்று கத்தினார்கள். அப்பாவுக்குக் கேட்டிருந்தால் கும்பிட்டிருப்பார்.

எங்கள் வீடு மேட்டில். நாற்காலிகளை அடுக்கிவிட்டு நான் தனியாக ஏறிக்கொண்டிருந்தேன். செல்வி முன்னாலேயே போய்விட்டாள். பின்னால் பள்ளிப் பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் வந்தது. அதில் கயலின் குரலும் இருந்தது. திரும்பிப் பார்த்தால் அவளுக்குச் சங்கடமாக இருக்குமே என்று பார்க்காமலே நடந்தேன்.

ஒரு விசில்.

நின்றேன். சிரிப்பு அடங்கியது. "என்ன அது? உன் அப்பா ஏன் நின்றுவிட்டார்?" என்று ஒரு பெண் இங்கிலீஷில் கேட்டாள். ஓடி வரும் காலடி என்னருகில் வந்து நின்றது.

"நல்லாதான்பா ஆடுன," என்றாள் கயல். அத்தனை பேருக்கும் முன்னால், நடுத்தெருவில், தமிழில். "ஸ்டார்ட்டிங்தான் ட்ரபுள்."

நான் திரும்பவில்லை. நம் ஊர் டிரைவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விசிலுக்குத்தான் காத்திருப்பார்கள். நானும் காத்திருந்தேன்.

இரண்டு வந்தது. கிளம்பினோம்.